அத்தோவை வதக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மகள் என்னை ஓர் உணவு விழாவுக்குக் கூட்டிப் போனாள். பெரிய ஓட்டல்கள் வரிசையாகக் கடை போட்டிருந்தன. கூப்பனைக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு வாய் ருசி. இறால் தொக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு கடையில் ‘பர்மா அத்தோ’ என்று பலகை வைத்து, குடைமிளகாயும் சோயா சாஸும் போட்டு வாணலியில் வதக்கித் தந்தார்கள்!

வெந்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையால் பிசைவதுதான் அத்தோ. கூடவே ஆவி பறக்க வாழைத்தண்டு சூப். 1960களில் பர்மாவிலிருந்து உடைமைகளை விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்களின் கைப்பக்குவம் இது. சாயங்காலம் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் போனால் நின்றபடியே சாப்பிடலாம். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயம் திணித்துத் தருவார்களே, என் மகளுக்கு அதுதான் உயிர்.

விழா நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த விழாவை எங்கள் வடசென்னைப் பக்கம் வைத்தால் என்ன? 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. அப்புறம், தள்ளுவண்டிக்காரர்களையும் கூப்பிடுங்கள். அவர்களிடம் மட்டும் கடை வாடகை கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை