ஏன் என்று எழுதுங்கள்

ஆயுள் கைதிகளின் முன்விடுதலைக் கோப்புகளைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தக்கலையில் இருபது வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். பட்டா, முதியோர் பென்ஷன், குடிநீர் இணைப்பு என்று நாள் போகும். தண்டனையைக் குறைக்கச் சொல்லி எழுதுவது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

போன மாதம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். விரலிடுக்கில் பால் காய்ந்து கறுத்திருந்தது. ரேஷன் கார்டு உறைக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். “மக்களே, பய வருவான்னு போட்டிருக்கா, வரமாட்டான்னு போட்டிருக்கா?”

ஆங்கிலத்தில் நாலு வரி. ஒரு கோப்பு எண், ஒரு தேதி, மகனின் கைதி எண், அப்புறம் ‘பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது’. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

வேலித் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிக் கொன்றதற்கு ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட்ட அப்பீலும் நிற்கவில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் பதினாறு வருடம் ஆகிறது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதிரி நாளாகப் பார்த்துத்தான் இந்த அம்மா மகனைச் சிறையில் மனுப் போட்டுப் பார்க்கப் போவாராம். மழைக்காலத்தில் அவனுக்கு அம்மா அடிக்கடி வருவாள்.

“ஆயுள்னா பதினாலு வருஷம்தானே?” என்றார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை 14 வருடம் முடியாமல் விடக் கூடாது என்பதுதான் சட்டம். முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 475. பதினாலு முடிந்தால் கேட்கலாம், அவ்வளவுதான். அதை அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தொண்டை வறண்டுவிட்டது.

அவனை விட்டே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. செத்தவரின் மனைவி இன்றும் அதே வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். அவரிடமும் கேட்க வேண்டும், கேட்டது கோப்பில் இருக்க வேண்டும். ‘ஊரில் எதிர்ப்பு’ என்று போலீஸ் அறிக்கை போயிருந்தால், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள்? நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தாரா? அம்மாவுக்கு யாரும் வந்ததாக நினைவில்லை. அவர் தோட்டத்துக்குப் போயிருந்த நேரமாகவும் இருக்கலாம்.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. மாநிலத்தில் தண்டனைக் குறைப்புக் கொள்கை இருந்தால், தகுதி வந்த கைதி மனுப் போடாவிட்டாலும் அரசே அவர் பெயரைப் பரிசீலிக்க வேண்டும். மறுத்தால் சுருக்கமாகவாவது காரணம் எழுத வேண்டும். அந்த உத்தரவு சிறை வழியாகக் கைதி கைக்குப் போக வேண்டும், ஒரு நகல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும். எதிர்த்துக் கேட்க உரிமை உண்டு என்று அவரிடம் சொல்லவும் வேண்டும்.

ஆளுநருக்கு அரசியல் சாசனத்தின் 161-வது பிரிவின் கீழ் எழுதலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். வழி இல்லாமல் இல்லை. எதனால் தள்ளினீர்கள் என்று தெரியாமல் எதற்கு நான் பதில் எழுதுவது? சிறையில் நடத்தை சரியில்லையா, வெளியே வந்தால் பகை மூளும் என்கிறீர்களா, இல்லை ஏதோ ஒரு அறிக்கை வந்து சேரவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மனு வேறு மாதிரி.

காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும்.

திங்கட்கிழமை அவரோடு நாகர்கோவில் சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போகிறேன். மழை பெய்தால் செவ்வாய்க்கிழமை. மழை நாளில் அவர் பாளையங்கோட்டையில் இருப்பார்.

இப்படிக்கு,
தக்கலையில் மனு எழுதும் ஒருவன்