பச்சை நூல் கட்டிய புத்தகங்களுக்காக ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

மே மாதக் கடைசியில் பணி நிறைவு பெற்றேன். கொள்ளிடம் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தவள் நான். அப்புறம் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்புக்கு வந்தது, அதன் பின்னாலேயே நூலகமும் வந்தது, கடைசிப் பதினாறு வருஷம் அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் நடந்தே போய்விட்டது. வழியனுப்பு விழாவில் மைக்கைப் பிடித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேரைக்கூட நான் சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை, படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி எங்கள் பழைய ஹெச்.எம். அம்மாவுக்கு. நூலகம் என் கைக்கு வந்தபோது அது இரண்டு இரும்பு பீரோ, ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர், ஒரு சாவிக்கொத்து, அவ்வளவுதான். புத்தகம் தொலைந்தால் பொறுப்பில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் எல்லாப் பள்ளியிலும் உண்டு, எனக்கும் இருந்தது, முதல் ஒரு வருஷம் நானும் பூட்டித்தான் வைத்திருந்தேன். ஒருநாள் ஹெச்.எம். அம்மா கூப்பிட்டு, "பீரோவைத் திற டீச்சர், தொலைஞ்சா நான் எழுதித் தர்றேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் எழுதியும் கொடுத்தார். அந்த வருஷம் பதினொரு புத்தகம் காணாமல் போனது, அதில் ஏழு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவதற்குள் தானாகத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் நான் பூட்டவே இல்லை.

எங்கள் பக்கத்து ஊர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபோது முதல் சில நாளிலேயே தனிமை தாங்காமல் பழைய வேலைக்கே திரும்பக் கேட்டுப் போனவர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. அதை நான் படித்தது பிற்பாடுதான், ஹெச்.எம். அம்மா அதற்கு முன்னாலேயே எனக்குச் செய்து காட்டிவிட்டார்.

அடுத்து 2022 நவம்பர் 11. சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. எங்கள் நூலகம் தரைத்தளத்தில் இருந்தது. மறுநாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது கீழ்த் தட்டுகள் இரண்டும் தண்ணீருக்குள், 600 புத்தகத்துக்கு மேல் ஊறி உப்பிப் போய், தட்டிலிருந்து உருவவே முடியாதபடி இறுகியிருந்தன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்போது வந்து தோளைத் தொட்டு எழுப்பியது சத்துணவு அக்கா. அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது, ஆனாலும் அரிசிச் சாக்கை மேலே ஏற்றிவிட்டு நேராக நூலகத்துக்கு வந்துவிட்டார். அக்கா, அன்றைக்கு நீங்கள் சாப்பிட்டீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை.

நனைந்த புத்தகத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். விரித்து வைத்து ஃபேன் போடலாம் என்றால் கரண்ட் இல்லை, வெயிலும் இல்லை. வழவழத் தாள் புத்தகம் அப்படியே காய்ந்தால் பக்கமெல்லாம் ஒட்டிப் பலகை மாதிரி ஆகிவிடும், அதற்குப் பிறகு பிரிக்கவே முடியாது. நேரம் கிடைக்க ஒரே வழி உறைய வைப்பதுதான் என்று எப்போதோ படித்திருந்தேன். உறைந்த புத்தகத்தில் பூஞ்சை வளராது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துக் காய வைக்கலாம். ஆனால் 600 புத்தகத்தை உறைய வைக்க நான் எங்கே போவேன்?

பழையாறு துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணனுக்கு இந்த மடலில் பாதி சேர வேண்டும். என் பழைய மாணவியின் அப்பா அவர். அந்தப் பெண் போன் செய்து சொன்னதும், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் மினி வேனை அனுப்பினார். பிளஸ் டூ பிள்ளைகள் ஒவ்வொரு புத்தகத்தையும் மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசிச் சேற்றைப் போக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, மீன் கிரேட்டில் முதுகு கீழே இருக்கும்படி அடுக்கினார்கள். ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய குளிர் அறையில் ஒரு மூலையைக் காலி செய்து கொடுத்தார். படகுகள் கடலுக்குப் போகாமல் தொழிலே நின்றிருந்த நேரம் அது, அந்த டீசல் செலவை அவர் இன்றுவரை சொன்னதில்லை.

பிப்ரவரி வரைக்கும் புத்தகங்கள் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. பழைய நியூஸ் பேப்பரைப் பக்கத்துக்கு நடுவில் வைத்து, ஈரம் இழுத்ததும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஊரில் பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். தமிழம்மா தன் ஓய்வு பீரியட் எல்லாவற்றையும் இதற்கே கொடுத்தார். 410 புத்தகம் பிழைத்தது. மடிப்பும் கறையும் இருக்கும், ஆனால் படிக்கலாம். அவற்றின் முதுகில் ஒரு பச்சை நூல் கட்டியிருக்கிறோம். பிள்ளைகள் அதைத்தான் தேடி எடுக்கிறார்கள்.

ஸ்டாக் ரிஜிஸ்டர் மை கரைந்து போனது. ஆனாலும் எந்தப் புத்தகம் இருந்தது, எது போனது என்று ஒன்று விடாமல் சொல்ல முடிந்தது என்றால், அது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனால். தம்பி, மூன்று கோடை விடுமுறை நீ ஊருக்கு வந்து எங்கள் பழைய கம்ப்யூட்டரில் நூலகப் பட்டியல் வைக்கும் கோஹா மென்பொருளைப் போட்டுத் தந்தாய், ஒவ்வொரு சனிக்கிழமையும் பென்டிரைவில் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாய், எடுக்காத வாரம் போன் செய்து திட்டினாய். நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலகத்துக்காக எழுதி, 2000ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கும் இலவச மென்பொருள் அது. கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு, வாங்கிக்கொண்டவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டிய அன்பளிப்பு என்று நீதான் சொன்னாய்.

இன்னொன்றும் உன் வேலைதான். ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஏற்றி வைத்தாய், இன்டர்நெட் இல்லாமலே ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் பிள்ளைகள் கையில். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதில் கொள்ளிடம் ஆற்றைப் பற்றிப் படித்துவிட்டு, எங்கள் ஊர் மதகைப் பற்றி ஒன்றுமே இல்லையே டீச்சர், நான் எழுதட்டுமா என்றாள். அவளுக்குத் தமிழ் 99 விசைப்பலகை சொல்லிக்கொடுத்தேன். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு என்றதும் இரண்டே வாரத்தில் என்னைவிட வேகமாக அடித்தாள். அந்த மதியங்கள்தான் நான் வேலை பார்த்த காலத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவை.

அரசுப் பள்ளிகளுக்கு வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வாசிப்பு நிலைகளாக வரிசை பிரித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய ஒன்பதாம் வகுப்பு அக்காமார்களே, உங்களுக்கும் நன்றி. மழைக்குப் பிறகு மாடியில் ஒரு அறை ஒதுக்கித் தந்த இப்போதைய ஹெச்.எம். சாருக்கும், சனிக்கிழமைச் சமையலைப் பதினாறு வருஷம் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

பழையாறு அண்ணனுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் கிரேட் நான்கு இன்னும் எங்கள் நூலகத்தில்தான் இருக்கின்றன. அதில்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேன்சிட்டு இதழ்களை அடுக்கியிருக்கிறோம். புதிதாகப் பொறுப்பு ஏற்றிருக்கும் டீச்சரிடம் அவை யாருடையவை என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.