இடது காலின் ஞாபகம்

கோவை,
18.1.2026

அன்புள்ள முருகேசா,

பொங்கலன்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் மழுப்பியது உனக்குப் புரிந்திருக்கும். "அறுபத்தொரு வயதில் உனக்கு எதற்கடா ஆயிரம் சி.சி. வண்டி?" என்று நீ கேட்டபோது அதே கேள்வியை ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் என் மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

முதலில் உன் முழங்கால். அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரத்திலேயே மாடிப்படி ஏறிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. வலிக்கிறது என்று பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. என் அண்ணி அப்படி விட்டுவிட்டு இன்றுவரை காலை முழுதாக மடக்க முடியாமல் இருக்கிறார்.

இனி வண்டி. கவாசாகி நிஞ்ஜா 1000, 2018-ஆம் ஆண்டுப் பதிவு. பெயரைக் கேட்டுவிட்டுப் பந்தய வண்டி என்று நினைக்காதே. கைப்பிடி உயரத்தில் இருப்பதால் டேங்கின் மேல் கவிழ்ந்து கிடக்க வேண்டியதில்லை. முன்கண்ணாடியை மூன்று நிலைகளில் ஏற்றி இறக்கலாம், டேங்க் 19 லிட்டர் பிடிக்கும். நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு மன்னிக்கும் என்ற நம்பிக்கையில் வாங்கியது. புதிதாக வாங்க மனம் வரவில்லை. 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சென்ற செப்டம்பர் முதல் 40 விழுக்காடு ஜி.எஸ்.டி.!

மூன்று வண்டிகள் பார்த்தேன். திருப்பூர்க்காரரிடம், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முந்தைய நாளே சொல்லியிருந்தேன். போய் எஞ்சினில் கை வைத்தால் சூடு. காலையில் பால் வாங்கப் போனாராம். நிஞ்ஜாவில் பால் வாங்கப் போகிறவரை அன்றுதான் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சின் சொல்லும் உண்மையைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும் என்பது நம் காலத்துப் பாடம்தானே, திரும்பி வந்துவிட்டேன். பெங்களூரில் ஒன்று மலிவாக வந்தது. கர்நாடகப் பதிவு என்பதால் அங்கே என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டிச் சேர்த்தால் மலிவெல்லாம் கரைந்துவிடும்.

மூன்றாவது, சேலத்தில் ஒரு மருத்துவருடையது. எட்டு ஆண்டுகளில் ஓடியது 14,600 கிலோமீட்டர்தான். அதைக் கேட்டு என் மகன் துள்ளினான், எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓடாமல் நிற்கிற வண்டிதான் அதிகம் கெடும். டயரின் பக்கவாட்டில் 2318 என்று இருந்தது. 2018-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். தரையைப் பிடிக்கும் பட்டன் பார்வைக்குப் புதிது, ரப்பரோ நகம் இறங்காத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பிரேக் ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் நின்றது. ஆனால் கிளட்ச் லீவரின் நுனியிலோ சைலன்சரின் அடியிலோ ஒரு கீறல் கிடையாது, அதாவது விழாத வண்டி. சர்வீஸ் ரசீதுகள் அனைத்தையும் கோப்பு போட்டு வைத்திருந்தார். டயருக்கும் மற்றதற்கும் நாற்பதாயிரத்தைக் குறைத்துக்கொண்டார், ஆறேமுக்கால் லட்சத்தில் முடிந்தது. கடனை அடைத்திருந்தாலும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது. அது நீங்கிய பிறகே பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து என்று நின்றுவிட்டேன். மூன்று வாரம் போயிற்று, பரவாயில்லை.

வேகமாக ஓட்டிப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை, முருகேசா. சரிவான கார் நிறுத்தத்திலிருந்து அந்த 239 கிலோவைத் தனியாகப் பின்னுக்குத் தள்ளி வெளியே எடுக்க முடிகிறதா என்றுதான் பார்த்தேன். மருத்துவர் புன்னகையோடு வேடிக்கை பார்த்தார். முடிந்தது, ஆனால் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன்.

இதையெல்லாம் சரியாகச் செய்தேன். தவறவிட்டது என் கால்களை. நாற்பது ஆண்டு அனுபவம் என்று மார்தட்டுகிறோமே, அதில் பெரும்பங்கு என் பழைய புல்லட்டில் வந்தது. வலது காலில் கியர், ஒன்று மேலே, மற்றவை கீழே. இடது காலில் பிரேக். நிஞ்ஜாவில் எல்லாமே தலைகீழ். வாங்கிய நான்காம் நாள் அவிநாசி சாலையில் ஓர் ஆட்டோ குறுக்கே திரும்பியது. என்னைக் கேட்காமலேயே இடது கால் ஓங்கி மிதித்தது. பிரேக் விழவில்லை, கியர் ஒன்று கீழே இறங்கியது. வண்டி உறுமிக்கொண்டு தலையைக் குனிந்தது. அதற்குள் வலது கை முன் பிரேக்கைப் பிடித்துவிட்டதால் ஒரு முழம் இடைவெளியில் நின்றேன். ஆட்டோக்காரர் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்! உள்ளங்கை வியர்த்து, கையுறையைக் கழற்ற முடியவில்லை. வீட்டில் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

புல்லட்டுக்கு 18 குதிரைத்திறன், இதற்கு ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆனால் என்னை அன்று ஏமாற்றியது அந்தத் திறன் இல்லை, என் பழக்கம்தான். புதிதாகக் கற்பவனுக்கு மறக்க வேண்டியது எதுவுமில்லை, எனக்கோ மூட்டை மூட்டையாக இருக்கிறது. டிரம் பிரேக்கை விட்டு விட்டு அழுத்திப் பழகிய கை, சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தானே பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியிலும் அதையே செய்யப் பார்க்கிறது. அழுத்தியபடியே பிடித்திருக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. அதனால் இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு, வீடே கட்டாத ஒரு மனைப்பிரிவுச் சாலையில், ஆர்.டி.ஓ.வில் எட்டுப் போட்ட பையனைப் போல நின்று நின்று பிரேக் பிடித்துப் பழகுகிறேன். காவலாளி முதல் வாரம் சந்தேகமாகப் பார்த்தார். இப்போது டீ வாங்கித் தருகிறார். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் பங்குனி வரை காத்திருக்கட்டும்.

இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டினால் இந்தக் கால் ஒருநாளும் தெளியாது. ஆகவே புல்லட்டைக் கொடுத்துவிடப் போகிறேன். 1989 கோடையில், பாம்பன் சாலைப் பாலம் திறந்து ஒரு வருடம்கூட ஆகாதபோது, நீ பின்னால் உட்கார்ந்து தொப்பியைக் கடலில் பறிகொடுத்தாயே, அதே வண்டி. விற்க மனமில்லை. உன் மகன் கேட்டுக்கொண்டே இருந்தானே, அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல். ஆர்.சி., காப்பீடு எல்லாம் சரியாக இருக்கின்றன. கியர் வலது பக்கம் என்பதை மட்டும் வருவதற்கு முன்பே அவனிடம் இரண்டு முறை சொல்லிவிடு. திருநெல்வேலிவரை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், லாரியில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
ராஜு