வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு முழுக்க ஒரே பொருளைத்தான் எடுத்துக்கொண்டோம். 1950, 1951-இல் சென்னை ராஜ்யத்துப் பத்திரிகைப் பேச்சில் ‘தகுதி’ என்ற சொல் என்ன பாடுபட்டது என்பதே அது. பதினோரு கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையில் நின்றுபோனது.

முதல் இரண்டு கூட்டங்களும் பின்னணிக்கே சரியாகப் போயின. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த அரசு உத்தரவுதான் கம்யூனல் ஜி.ஓ. 1947-இல் திருத்திய அந்த உத்தரவில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து செண்பகம் துரைராஜனும் சி.ஆர். சீனிவாசனும் போட்ட வழக்கில் 1950 ஜூலை 27-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவு செல்லாது என்றன. (அப்போது சுதேசமித்திரன் நாளிதழை நடத்தியவர் பெயரும் சி.ஆர். சீனிவாசன்தான். இருவரும் வேறு வேறு ஆட்கள். இந்தக் குழப்பத்தில் எங்களுக்கு ஒரு மாலை போய்விட்டது.)

ஜூலைக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வரிவரியாகப் படித்தோம். இன்ஜினீயரிங் இடம் கேட்ட சீனிவாசன் விருப்பப் பாடங்களில் 450-க்கு 369 வாங்கியவர். மெரிட் மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்கும். அது நியாயமான வருத்தம், அதில் எங்களில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் மொத்தம் 330 இடம், அதில் 12 அரசு தன் விருப்பப்படி கொடுப்பதற்கு. இன்ஜினீயரிங்கில் 395 இடம், அங்கேயும் 12 அப்படியே. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்த 12-ஐப் பென்சிலால் வட்டம் போட்டு, “இந்தப் பன்னிரண்டு பேருக்கு எந்தத் தகுதி?” என்று கேட்டார். அதற்கு அப்புறம் கூட்டம் ஒன்பதரை வரை நீண்டது.

அன்றுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டுமோ அதையும் தமிழில் தகுதி என்கிறோம், வரிசையில் யார் முன்னால் என்பதையும் தகுதி என்கிறோம். மெரிட்டுக்கும் அதே சொல்லைப் போட்டபோது, தேறி வந்து விண்ணப்பித்த பிள்ளை, மதிப்பெண் வரிசையில் பின்னால் நின்ற ஒரே காரணத்தால் ‘தகுதி இல்லாதவன்’ ஆகிவிட்டான். அவனும் படிக்கத் தகுந்தவன்தானே! இந்த அநியாயம் என் மனதை விட்டுப் போகவில்லை.

பெரியார் தம் விடுதலை நாளிதழில் திரும்பத் திரும்ப மோதியது இந்த இடத்தில்தான். தகுதி, திறமை என்ற பேச்சே மோசடி, மதிப்பெண் காட்டுவது மனப்பாடத்தை என்பது அவர் வாதம். தீர்ப்பை எதிர்த்துக் கிளர்ச்சி வலுத்து, 1951 ஜூன் 18-இல் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரமே ‘தகுதி’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. அங்கே அதற்குப் பொருள் நடுநிலை, யார் பக்கமும் சாயாமை. இதை எடுத்துச் சொன்ன உறுப்பினருக்கு வட்டத்தின் நன்றி.

இங்கிலாந்தைப் பற்றி ஒரே ஒரு கூட்டம். ‘மெரிட்டோக்ரசி’ (தகுதி உள்ளவர்களே மேலே வரும் ஆட்சி முறை) என்ற சொல்லை 1956-இல் சமூகவியலாளர் ஆலன் ஃபாக்ஸ் ஒரு சோஷலிசப் பத்திரிகையில் எழுதினார். 1958-இல் இன்னொரு சமூகவியலாளர் மைக்கேல் யங் அதைப் பரப்பினார். இருவருமே கண்டித்துத்தான் எழுதினார்கள். பிற்பாடு அது பாராட்டுச் சொல்லாகிவிட்டதே என்று யங் 2001-இல் வருந்தி எழுதினார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். தீர்ப்பு நகல் எடுத்த செலவு மட்டும் திட்டமிட்டதை விடக் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வரும் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். 1950-ஐ ஒட்டிய மதிப்பெண் பட்டியல், கல்லூரி விண்ணப்பம், இடமில்லை என்று வந்த கடிதம், எது உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தாலும் ஆனிக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்