ஐம்பத்தொன்றாவது கர்சரை வாங்காதே

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது, கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது. முத்தியால்பேட்டையில் உன் தெருவில் தண்ணீர் நிற்காமல் இருந்தால் சரி.

பேரன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த குக்கி கிளிக்கரில் நீ இவ்வளவு ஊன்றிவிட்டாய் என்று படித்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பெரிய குக்கியைத் தட்டிக் குக்கி சேர்த்து, அதைக் கொடுத்துத் தானாகக் குக்கி தருகிற கட்டடங்களை வாங்குகிற ஆட்டம் அது, 2013 ஆகஸ்டில் வந்தது. செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஓர்த்தேய் என்ற புனைபெயரில் இருப்பவர். அந்தச் சொல்லுக்குக் கால்விரல் என்று அர்த்தம் என்பது புதுச்சேரிக்காரனான உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சும்மா விட்டாலும் ஓடுகிற ஆட்டங்கள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இதன் கணக்கு பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். அதனால் நீ கேட்ட மூன்று கேள்விக்கும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ஆட்டத்தின் முதல் கட்டடமான கர்சரை ஐம்பது வாங்கியும் ஏன் ஆட்டம் நகரவில்லை என்று கேட்டிருந்தாய். காரணம் அந்த ஐம்பதுதான். எந்தக் கட்டடமானாலும் ஒவ்வொன்று வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15 சதவீதம் ஏறும். வட்டிக்கு வட்டி போல ஏறுவதால் ஐந்து வாங்கினால் விலை இரட்டிப்பு, பத்தில் நான்கு மடங்கு, இருபதில் பதினாறு மடங்கு, ஐம்பதில் ஆயிரம் மடங்குக்கு மேல். முதல் கர்சர் 15 குக்கி. உன்னுடைய ஐம்பத்தொன்றாவது கர்சர் 16,255 குக்கி. ஆனால் அது தருவது முதல் கர்சர் தந்த அதே வினாடிக்கு 0.1தான். போட்ட 16,255 திரும்பி வர 1,62,550 வினாடி ஆகும், அதாவது 45 மணி நேரம். கர்சரின் வரவைக் கூட்டுகிற அப்கிரேடு மூன்றை வாங்கி 0.8 ஆக்கியிருந்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாது. அதே பட்டியலில் கொஞ்சம் கீழே மைன் இருக்கிறது பார். முதல் மைன் 12,000 குக்கிதான், வினாடிக்கு 47 தரும். நாலேகால் நிமிடத்தில் போட்டது திரும்பிவிடும்.

இந்த ஆட்டத்தில் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான்: போட்ட முதல் எத்தனை வினாடியில் திரும்பும்? விலையை, அது கூட்டித் தருகிற வினாடி வரவால் வகுத்தால் விடை வந்துவிடும். மேலே பெரிய எழுத்தில் ஓடுகிற குக்கி எண்ணிக்கையைப் பார்க்காதே, அது உண்டியல் மாதிரி. அதன் கீழே சின்னதாக வினாடிக்கு எவ்வளவு என்று இருக்கிறதே, அதுதான் சம்பாத்தியம்.

முதல் கட்டடங்களின் விலையும் வரவும் சொல்கிறேன், குறித்துக்கொள். கர்சர் 15, வரவு 0.1. கிராண்ட்மா, அதாவது பாட்டி, 100, வரவு 1. பண்ணை 1,100, வரவு 8. மைன் 12,000, வரவு 47. பாக்டரி 1,30,000, வரவு 260. பேங்க் 14 லட்சம், வரவு 1,400. கோயில் 2 கோடி, வரவு 7,800. வகுத்துப் பார்த்தால் முதல் கர்சருக்கு 150 வினாடி, பாட்டிக்கு 100, பண்ணைக்கு 137, பாக்டரிக்கு 500, பேங்குக்கு 1,000. ஆக, ஆரம்பத்தில் பாட்டிதான் லாபம். ஆனால் மூன்று பாட்டி சேர்ந்ததுமே நான்காவதன் விலை 153 ஆகி, முதல் பண்ணை அதை முந்திவிடும். இப்படி ஒன்று விலையேறிப் பின்தங்க, அடுத்தது முன்னால் வரும். ஒன்றிலேயே ஒட்டிக்கொள்ளாமல் மாறி மாறி வாங்குவதுதான் வழி.

எண்ணைப் படிப்பதில் நீ தடுமாறுவதாகவும் எழுதியிருந்தாய். மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. குவாட்ரில்லியன் 10 கோடி கோடி, குவின்டில்லியன் 10,000 கோடி கோடி. ஒவ்வொரு பெயருக்கும் ஆயிரம் மடங்கு. மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டிவை, இரண்டு நாளில் பழகிவிடும்.

இரண்டாவது கேள்வி, கட்டடம் வாங்குவதா அப்கிரேடு வாங்குவதா. இதை அனுமானத்தில் செய்யக் கூடாது. உன்னிடம் பத்துப் பாட்டி இருக்கிறார்கள், அப்கிரேடு எதுவும் வாங்கவில்லை என்று வை. வினாடிக்கு 10 வருகிறது. பதினோராவது பாட்டி 405, வரவு 1, திரும்ப 405 வினாடி. பாட்டிக்கான முதல் அப்கிரேடு 1,000. அது எல்லாப் பாட்டியின் வரவையும் இரட்டிப்பாக்கும், அதாவது 10 கூடும், 100 வினாடியில் திரும்பும். விலை அதிகமாகத் தெரிகிற அப்கிரேடுதான் நான்கு மடங்கு மலிவு. அதை வாங்கியதும் நிலைமை மாறும். இப்போது ஒரு பாட்டி 2 தருகிறாள். இரண்டாவது அப்கிரேடு 5,000, கூடுவது 20, அதற்கு 250 வினாடி. பதினோராவது பாட்டி 405, கூடுவது 2, அதற்கு 203 வினாடி. இங்கே பாட்டிதான் முந்துகிறாள். அவளை வாங்கியபின் பன்னிரண்டாவது பாட்டிக்கு 233 வினாடி, அப்கிரேடுக்கு 227. இப்போது அப்கிரேடு. இதுபோல் நாலைந்து முறை கையால் போட்டுப் பார், பிறகு பார்வையிலேயே தெரியும்.

பெரிய கட்டடத்துக்காகச் சேர்த்து வைக்கலாமா என்று இடையில் கேட்டிருந்தாய். காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர். வினாடிக்கு 100 வருகிறது, கையில் ஒன்றுமில்லை என்றால், மைனுக்குச் சேர 120 வினாடி, திரும்ப 255, மொத்தம் 375. பாக்டரிக்குச் சேர 1,300, திரும்ப 500, மொத்தம் 1,800. மைனை வாங்கு. வழியில் மைன் தருகிற வரவே பாக்டரியைச் சீக்கிரம் கொண்டுவரும்.

புதிதாக வருகிறவர்கள் அகப்பட்டுக்கொள்கிற இடம் இன்னும் இரண்டு உண்டு. பத்துப் பத்தாக வாங்குகிற பட்டனை இப்போதைக்குத் தொடாதே. பத்துக்கு ஒன்றின் விலையைப் போல பத்து மடங்கு இல்லை, 20 மடங்கு பிடிக்கும். கடைசி ஒன்று மட்டும் முதலாவதைப் போல மூன்றரை மடங்கு. பிறகு, தவறி வாங்கியதை விற்றுச் சரிக்கட்டப் பார்க்காதே. விலையில் கால் பங்குதான் கைக்கு வரும். அந்த ஐம்பது கர்சரும் அப்படியே கிடக்கட்டும்.

ஒரே ஒரு பாட்டியை மட்டும் வேண்டுமானால் விற்கலாம், அதற்கு ஒரு அச்சீவ்மென்ட் உண்டு. அச்சீவ்மென்ட் வெறும் பதக்கம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்தில் பால் என்கிற அளவு 4 சதவீதம் ஏறும். 13 சேர்ந்ததும் 90 லட்சத்துக்கு முதல் பூனைக்குட்டி அப்கிரேடு வரும், அது பாலின் அளவை வரவாக மாற்றும். பேக்கரியின் பெயரைக் கிளிக் செய்து மாற்றினால் ஒரு அச்சீவ்மென்ட், மேலே ஓடுகிற செய்தி வரியை 50 முறை கிளிக் செய்தால் ஒன்று. இன்றைக்கே எடுத்துவிடு.

தங்கக் குக்கியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதை விட்டுவிடுகிறாய் என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் 5 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் எங்காவது தோன்றும், 13 வினாடியில் மறைந்துவிடும். தட்டினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். பிரென்ஸி வந்தால் 77 வினாடிக்கு வரவு ஏழு மடங்கு. லக்கி வந்தால் மொத்தமாக ஒரு தொகை. அந்தத் தொகைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. கையிருப்பில் 15 சதவீதம், அல்லது 15 நிமிட வரவு, இரண்டில் எது குறைவோ அது. இதனால் கையை முழுக்கத் துடைத்துச் செலவழித்திருந்தால் லக்கி வந்தும் ஒன்றும் கிடைக்காது. முழுத் தொகை வேண்டுமென்றால் 6,000 வினாடி வரவு கையில் இருக்க வேண்டும். வினாடிக்கு 10,000 வருகிறதென்றால் 6 கோடி. அப்போது லக்கிக்கு 90 லட்சம் கிடைக்கும்.

ஆனால் இப்போதே அப்படிச் சேர்க்கத் தொடங்காதே. பத்து நிமிடத்துக்குள் முதல் திரும்புகிற பொருள் கடையில் இருக்கும்வரை காசைத் தூங்கவிடுவது நஷ்டம். அடுத்து வாங்க வேண்டியது எல்லாமே ஒன்றிரண்டு மணி நேரக் கணக்குக்குப் போனபிறகு 6,000 வினாடி இருப்பைத் தொடாமல் வைத்து, அதற்கு மேல் வருவதை மட்டும் செலவழி. தங்கக் குக்கி ஏழு தட்டியதும் லக்கி டே அப்கிரேடு வரும், விலை சுமார் 78 கோடி. அதன்பின் தங்கக் குக்கி இரண்டு மடங்கு அடிக்கடி வரும், இரண்டு மடங்கு நேரம் நிற்கும். கண்ணில் பட்டதும் அதற்காக மட்டும் சேர்த்து வாங்கினாலும் தப்பில்லை.

மூன்றாவது, உன்னைப் பயமுறுத்துகிற அசென்ட், அதாவது ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. எல்லாம் அழிந்துவிடுமே என்கிறாய். அழிவது குக்கி, கட்டடம், சாதாரண அப்கிரேடு. அச்சீவ்மென்ட், சர்க்கரைக் கட்டி (இதைப் பின்னால் சொல்கிறேன்), அதனால் ஏற்றிய கட்டட லெவல் எல்லாம் நிற்கும். பதிலுக்குக் கிடைப்பது பிரெஸ்டீஜ். மொத்தம் சுட்ட குக்கியை டிரில்லியனால் வகுத்து அதன் கனமூலத்தை எடுத்தால் அதுதான் பிரெஸ்டீஜ் லெவல். ஒரு டிரில்லியனுக்கு 1, எட்டு டிரில்லியனுக்கு 2, ஒரு குவாட்ரில்லியனுக்கு 10, ஒரு குவின்டில்லியனுக்கு 100. இரண்டு மடங்கு வேண்டுமென்றால் எட்டு மடங்கு சுட வேண்டும். லெவல் ஒன்றுக்கு வரவு 1 சதவீதம் ஏறும், லெவலுக்கு ஒரு ஹெவன்லி சிப்பும் கிடைக்கும், அதைக் கொடுத்து அழியாத அப்கிரேடுகளை வாங்கலாம்.

அசென்ட் செய்கிற லெகசி பட்டனில் 1 என்று தெரிந்ததுமே அழுத்துகிறவர்கள் ஏராளம். ஒரு சதவீதத்துக்காக முழு ஓட்டத்தையும் முதலிலிருந்து ஓட வேண்டி வரும். பொறு. 365 வாக்கில் வரட்டும், அதற்கு 49 குவின்டில்லியன் போல மொத்தம் சுட்டிருக்க வேண்டும். சில வாரம் ஆகலாம், ஆகட்டும். அப்போது 365 சதவீதம் கூடுதல், அதாவது வரவு நாலரை மடங்குக்கு மேல். சிப்பை இப்படிச் செலவிடு: லெகசி 1, இதில்லாமல் வேறெதுவும் திறக்காது. ஹெவன்லி குக்கிஸ் 3. ட்வின் கேட்ஸ் 1. டிராகன் 9. ஸ்டார்ட்டர் கிட் 50, அடுத்த ஓட்டம் பத்து கர்சரோடு தொடங்கும். நிரந்தர அப்கிரேடு இடம் 100.

புது ஓட்டத்தில் இறங்கியதும் பலரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. பிரெஸ்டீஜ் தானாக வேலை செய்யாது. கடையில் ஹெவன்லி சிப் சீக்ரெட் என்ற அப்கிரேடு 11 குக்கிக்கு இருக்கும், அதை வாங்கினால் பிரெஸ்டீஜில் 5 சதவீதம் மட்டும் விழித்துக்கொள்ளும். அடுத்தது 1,111 குக்கிக்கு, 25 சதவீதம். பிறகு 50, 75, கடைசியில் சுமார் 111 கோடிக்கு முழு 100. இந்த ஐந்தையும் விலை கைக்கு எட்டியதும் மற்ற எதற்கும் முன்னால் வாங்கு. வாங்காமல் விட்டு, அசென்ட் செய்தும் பலனில்லை என்று ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கும்.

ட்வின் கேட்ஸ் வாங்கும்வரை பிரவுசரை மூடினால் ஒரு குக்கிகூடச் சேராது, அதையும் தெரிந்துகொள். வாங்கியபிறகும் மூடிய முதல் ஒரு மணி நேரத்துக்கு வழக்கமான வரவில் 5 சதவீதம், அப்புறம் அரை சதவீதம்தான். முதல் ஓட்டத்தில் டேபைத் திறந்தே வை.

சர்க்கரைக் கட்டி மொத்தம் 100 கோடி சுட்டதும் விளையத் தொடங்கும், ஒரு நாளைக்கு ஒன்று. 20 மணி நேரத்தில் பறித்தால் பாதிக்குப் பாதி வெறுங்கையாகப் போகலாம், 23 மணி நேரத்துக்குப் பிறகு பறித்தால் நிச்சயம். முதல் கட்டியை விஸார்டு டவர் என்ற கட்டடத்துக்குப் போடு. அதில் மந்திரப் புத்தகம் திறக்கும், அதன் ஒரு மந்திரம் தங்கக் குக்கியையே வரவழைக்கும். பாட்டிகளுக்கான ஆராய்ச்சியில் எச்சரிக்கை வந்து, பிறகு திரை சிவந்து புழுக்கள் பெரிய குக்கியைக் கடிக்கத் தொடங்கினால் பதறாதே. புழுவைத் தட்டி உடைத்தால் அது தின்றதோடு பத்து சதவீதம் சேர்த்துத் திருப்பித் தரும்.

கடைசியாக, மழைக்காலத்தில் கரண்ட் போவதைப் பற்றி. ஆட்டம் நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைச் சேமித்துக்கொள்கிறது, கரண்ட் போனால் அந்த ஒரு நிமிடம்தான் போகும். ஆபத்து அங்கே இல்லை. சேமிப்பு முழுக்க அந்தப் பிரவுசருக்குள்ளேதான் இருக்கிறது. யாராவது கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஹிஸ்டரியோடு பிரவுசர் வைத்திருக்கிற தளங்களின் தரவையும் (site data) சேர்த்துத் துடைத்தால் மாதக் கணக்கான உழைப்பு ஒரே நொடியில் போய்விடும். ஆப்ஷன்ஸில் எக்ஸ்போர்ட் சேவ் என்று இருக்கும். அழுத்தினால் நீளமாக ஒரு எழுத்துக் குவியல் வரும். முழுவதையும் நகலெடுத்து உனக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள், வாரத்துக்கு ஒருமுறை. திரும்பக் கொண்டுவர இம்போர்ட் சேவில் ஒட்டினால் போதும். பேரனிடமும் இதைச் சொல்லிவை, துடைக்கிற பழக்கம் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். அடுத்த கடிதத்தில் உன் வினாடி வரவு எவ்வளவு, எந்தக் கட்டடம் எத்தனை என்று மட்டும் வரிசையாக எழுது. அடுத்து எதை வாங்குவது என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

உன் அன்பு நண்பன்