பழைய லேப்டாப்பும் டிவியும்: மகளுக்கு ஒரு கடிதம்

கொழிஞ்சாம்பாறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். எர்ணாகுளத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அத்தையின் கல்யாண வீடியோ கேசட்டைப் பொள்ளாச்சியில் கொடுத்து பென் டிரைவுக்கு மாற்றி வாங்கிவிட்டேன். தம்பி அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அதைப் பெரிய திரையில் பார்ப்பதற்காக உன் கல்லூரிக் காலத்து லேப்டாப்பைப் பழைய சாமான் விலைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஏதாவது வாங்கலாமா என்று போனில் கேட்டாய். வேண்டாம், கண்ணு. வீட்டின் சொந்தக்காரர் உங்களிடம் விட்டுப்போன அந்தப் பழைய டிவியில் பென் டிரைவை நேராகச் செருகினால் படம் வரும் என்பதற்கு உறுதியில்லை. அந்தக் காலத்து டிவிகள் பலவற்றில் அந்த இடம் போட்டோவுக்கும் பாட்டுக்கும் மட்டுமே பயன்படும். 2012-இல் வாங்கிய உன் லேப்டாப்போ பெரும்பாலான வீடியோ கோப்புகளை வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள் மூலம் ஓட்டிவிடும், அதுவும் கேசட்டிலிருந்து எடுத்த படம் என்றால் அதற்குச் சிரமமே இல்லை. அதை ஒரு வயரால் டிவியோடு இணைத்துவிட்டால் போதும்.

வயர் வாங்கும் முன் டிவியின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார். உன் லேப்டாப்பில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று ஹெச்.டி.எம்.ஐ., தட்டையாக, கீழ்ப்பக்கம் சற்றே குறுகியிருக்கும். படமும் ஒலியும் ஒரே வயரில் போகும். மற்றது நீல நிற வி.ஜி.ஏ., மூன்று வரிசையில் பதினைந்து துளைகள் கொண்டது. 1987-இல் வந்த ஏற்பாடு அது. அதில் படம் மட்டுமே போகும். டிவியில் ஹெச்.டி.எம்.ஐ. இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், இரண்டு மீட்டர் வயர் ஒன்று போதும். தங்க முலாம் என்று சொல்லி விலை கூட்டுவார்கள், கேட்காதே. இந்தத் தூரத்துக்குச் சாதாரண நல்ல வயரில் வரும் படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இராது.

வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால் ஒலிக்குத் தனியாக ஒரு வயர் வேண்டும்: ஹெட்போன் செருகும் இடத்திலிருந்து டிவியில் 'பிசி ஆடியோ' என்று எழுதியிருக்கும் இடத்துக்கு. வி.ஜி.ஏ. முனையைச் செருகும்போது அவசரம் கூடாது. கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் 'டிவியே போய்விட்டது' என்று கொண்டுவந்தவர்கள் பலருக்கு வளைந்த ஒரு பின்னை ஊசி முனையால் நிமிர்த்திக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். முதல் பின்தான் சிவப்பைக் கொண்டுபோவது. அது தொடாவிட்டால் முகமெல்லாம் பச்சையும் நீலமும் கலந்து தெரியும். அப்படித் தெரிந்தால் பயப்படாமல் வயரைக் கழற்றி அந்தப் பின்னைப் பார்.

இரண்டும் இல்லாமல் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்று மட்டுமே இருந்தால், ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து அதற்கு மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. அதற்குத் தனி மின்சாரம் வேண்டும், யு.எஸ்.பி.யில் செருகினால் போதும். எழுத்துகள் மங்கலாகத் தெரியும், ஆனால் கல்யாண வீடியோவுக்கு அது தடையில்லை.

லேப்டாப், டிவி இரண்டையும் அணைத்துவிட்டு வயரைச் செருகி, பிறகு டிவியைப் போட்டு, ரிமோட்டில் சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுத்த பின் லேப்டாப்பைப் போடு. படம் வராவிட்டால் விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்து; இரண்டு திரையிலுமா, டிவியில் மட்டுமா என்று கேட்கும். டிவியில் மட்டும் என்று வைத்தால் லேப்டாப்பின் வேலை குறையும். ஹெச்.டி.எம்.ஐ.யில் படம் வந்தும் ஒலி லேப்டாப்பிலேயே கேட்டால், கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் அடையாளத்தை வலது பக்கப் பொத்தானால் அழுத்தி, பிளேபேக் பட்டியலில் டிவியைத் தேர்ந்தெடு.

இனி சொல்லப்போவதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். அந்தக் கேசட் எடுத்த காலத்தில் டிவித் திரையின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் இருந்தன. இப்போது பதினாறுக்கு ஒன்பது. திரை நிறைய வேண்டும் என்று ரிமோட்டில் இழுத்துவிட்டால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரிவார்கள். உன் அப்பத்தா எவ்வளவு ஒல்லியானவர் என்பது உனக்கு நினைவிருக்கும். பேரன் அவரைப் பார்க்கப்போவது இதில்தான். ஊதிப்போன முகமாக அவன் மனத்தில் பதியக் கூடாது. எனவே டிவியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருப்பதை வைத்துவிட்டு, வி.எல்.சி.யில் ஏ எழுத்தை அழுத்தி அழுத்தி 4:3 வரும்போது நிறுத்து. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதுதான் சரியான படம்.

இன்னொன்று, யாராவது கையை வீசினாலோ தலையைத் திருப்பினாலோ ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிரியும். வீடியோக் கேமரா படத்தின் ஒற்றைப்படைக் கோடுகளை ஒருமுறையும் இரட்டைப்படைக் கோடுகளை மறுமுறையும் என்று விநாடிக்கு 50 முறை மாற்றி மாற்றிப் பதிந்தது. பழைய பிக்சர் டியூப் அப்படியே மாற்றி மாற்றிக் காட்டியது. லேப்டாப் இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால்தான் இந்தக் கோடுகள் வருகின்றன. வி.எல்.சி.யில் டி எழுத்தை ஒருமுறை அழுத்தினால் சரியாகிவிடும். டிஸ்பிளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று ஒரு தேர்வு இருந்தால் அதையே வை. ஊர்வலக் காட்சியில் கேமரா திரும்பும்போது படம் தட்டித் தட்டி நகராது.

லேப்டாப்பைப் பலகை மேல் வை, மெத்தையில் வைக்காதே. காற்றுப் போகும் ஓட்டை அடைபட்டால் பழைய ஃபேன் தாங்காது. பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டு. அதில் உள்ள விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, ஆகவே பேங்க் வேலை எதையும் அதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பென் டிரைவில் படம் பார்க்க இன்டர்நெட்டே தேவையில்லை.

துலாவர்ஷம் என்னும் ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் உங்கள் பக்கம் மாலையில் இடி எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். கேபிள் வயர் வழியாக வரும் மின்னல் அதிர்ச்சி டிவிக்குள் நுழைந்து, ஹெச்.டி.எம்.ஐ. வழியே லேப்டாப்பையும் சேர்த்துக் கொண்டுபோகும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடிச் சத்தம் கேட்கும் முன்பே, வானம் கறுக்கும்போதே, பிளக்கையும் கேபிளையும் ஹெச்.டி.எம்.ஐ. வயரையும் கழற்றிவிடு. மாப்பிள்ளையிடமும் சொல்.

டிவியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமை பாலக்காடு போகிறேன். எந்த வயர் தேவையோ அதை அங்கேயே வாங்கி, பென் டிரைவோடு தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா