கேமராவைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுப் பார்த்துக்கொண்டே பித்தப்பையை அகற்றும் அறுவை பற்றிய உங்கள் கட்டுரை, சின்னத் தழும்பு, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதோடு நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற அறுவை மருத்துவனான எனக்கு அது போதவில்லை.

இதில் பெரிய ஆபத்து, ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தை, பித்தப்பையை அதனுடன் இணைக்கும் பித்தப்பைக் குழாய் என்று நினைத்து வெட்டிவிடுவதுதான். வீக்கம் இருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் பயிற்சி மருத்துவர்களிடம், பித்தப்பையின் கழுத்தை மேலே இடப்பக்கமாக இழுத்துப் பிடித்து, கேமராவைப் பின்னுக்குக் கொண்டுவரச் சொல்வேன். ஈரலின் அடியில் வலப்புறம் ஒரு பள்ளம் தெரியும். 1924-இல் அதை விவரித்த பிரெஞ்சு உடற்கூறியலாளர் ரூவியேரின் பெயரே அதற்கு. எல்லோருக்கும் இருக்காது, பெரும்பாலோருக்கு உண்டு. அங்கிருந்து ஈரலின் நான்காம் பகுதியின் அடிவரை மனதில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலேயே வேலை செய்ய வேண்டும். கீழே போனால் பொதுப் பித்தநாளம்!

சரி, கோடு மட்டும் போதுமா? போதாது. அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் சொன்னபடி, பித்தப்பைக் கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பை நீக்கி, பித்தப்பையின் அடிப்பகுதியை ஈரலிலிருந்து பிரித்து, ஒரு குழாயும் ஒரு தமனியும் மட்டுமே பித்தப்பைக்குள் போவதைப் பார்த்த பிறகே அவற்றை அடைக்கும் கிளிப்பைப் போட்டு வெட்ட வேண்டும். அது தெரியாவிட்டால் பித்தப்பையில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வரலாம், வயிற்றைத் திறந்தும் செய்யலாம். திறந்ததைத் தோல்வி என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர்